கோடு போட்டவன்

சைரன் அலறியபோது நான் பட்டாணி சூப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஓஸ்டர்வுர்ட்டில் சனிக்கிழமை மதியம் சைரன் கேட்டால் யாரும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. அது வாராவாரம் பன்னிரண்டு மணிக்குத் தானாக ஒலிக்கும் சோதனை. உண்மையான ஆபத்துக்கும் அதே சைரன், அதே சத்தம். சனிக்கிழமை மதியம் மட்டும் யார் வீட்டிலும் தீப்பிடிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு.

அன்று தீயணைப்பு நிலையத்தில் டாமோவுக்கு வழியனுப்பு விருந்து. நாங்கள் எல்லோரும் தன்னார்வத் தீயணைப்புப் படை. சம்பளம் கிடையாது, சீருடை உண்டு. விருந்துக்கு உரியவன் மட்டும் அங்கே இல்லை. ஏப்ரல் முதல் தேதி, வண்டி ஓட்ட அனுமதியுள்ள முதல் நாள் என்பதால் அவன் தன் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பியிருந்தான்.

படைத்தலைவர் கார்ஸ்டென் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்.

"பன்னெண்டு இன்னும் ஆகலையே, அதுக்குள்ள கத்துது. என் பொண்டாட்டி மாதிரி இதுக்கும் பொறுமை இல்ல."

"உங்க பொண்டாட்டி கத்துனா எந்திரிச்சு ஓடுவீங்க. இதுக்கு உக்காந்து சாப்பிடுறீங்க," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சைரனின் கடிகாரம் முந்திப் போகிறது, ஆள் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கார்ஸ்டெனுக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினேன்.

சற்று நேரத்தில் சைரன் இரண்டாம் முறை அலறியது. கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு காட்டியது. கார்ஸ்டெனின் கை பாதி வழியில் நின்றது.

"அப்ப முதல்ல அடிச்சது என்னடா?" என்றார்.

நாற்காலிகள் விழுந்தன. எல்லோரும் வண்டியை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆனால் மேடம், முதலில் அடித்தது என்ன என்பது எனக்கு அப்போதே தெரியும். இதைச் சொல்லத்தான் உங்கள் போலீஸ் அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்ய வசதியாக முறைப்படி சொல்கிறேன்.

என் பெயர் ஹார்ம். சதுப்பு நிலத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றும் பம்ப் நிலையத்தில் வேலை. மணமாகவில்லை. டாமோ படகு செய்யும் தச்சன். நாங்கள் இருவரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. பதினெட்டு வயதில் ஒரே நாளில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்தோம். எங்கள் இருவர் வண்டிக்கும் பருவகால நம்பர் பலகை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் சாலையில் ஓடலாம். மழைக்காலமும் பனிக்காலமும் வண்டிகள் என் கொட்டகையில்தான் நிற்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் நாங்கள் சேர்ந்து அவற்றைத் தயார்செய்வோம். டாமோவின் அம்மா இறந்த வருடமும் செய்தோம். எனக்கு இடுப்பு எலும்பு முறிந்த வருடமும் செய்தோம். அவன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் பிடிக்கச் சொன்னான்.

எங்கள் வண்டிகள் பழைய வகை. என்ஜினுக்குத் தனி ஆயில், கியர் பெட்டிக்குத் தனி ஆயில். கியர் ஆயில் மாற்றுவது பெரிய வித்தையில்லை. வண்டியைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். முதலில் மேலே ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பிறகுதான் கீழே வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். மூடி இறுகிப்போய்த் திறக்காவிட்டால், வடித்த பிறகு புது ஆயிலை எங்கே ஊற்றுவது? பழைய ஆயில் தேன் மாதிரி இறங்கும், நாற்றம் கந்தகத்தை நினைவூட்டும். வடிக்கும் போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. பற்சக்கரங்கள் தேய்ந்த இரும்புத்தூள் அதில் சாம்பல் நிற மயிர் போல ஒட்டியிருக்கும். அதைத் துடைத்து, புதுச் செப்பு வாஷர் போட்டு, போல்ட்டை முறுக்கி, மேலே புது ஆயிலை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் போல்ட்டை முறுக்குவான். மற்றவன் ஸ்பேனர் வைத்து, அது இறுகியிருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டின் தலைமேலும் பெட்டியின்மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். கோடு முறியாமல் நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று பொருள். முறுக்கியவன் கோடு போடக் கூடாது. கோடு போட்ட பிறகு மறுபடி ஸ்பேனரை எடுப்பது, நண்பன் முகத்துக்கு நேராக உன்னை நம்பவில்லை என்று சொல்வது மாதிரி. டாமோ ஒருமுறைகூட எடுத்ததில்லை. நானும்தான்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் டாமோவுக்கு மாரித் பழக்கமானாள். நார்வேக்காரி. எங்கள் துறைமுகத்துக்கு வந்த ஆராய்ச்சிக் கப்பலில் சமையல் வேலை. நல்ல பெண். உரக்கச் சிரிப்பாள். அவளைப் பற்றிக் குறையாக ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. அவள் ஊர் போடோ. அங்கே ஒரு படகுப் பட்டறையில் டாமோவுக்கு வேலை பேசி முடித்தாள். ஏப்ரல் முதல் வாரம் சேர வேண்டும். மோட்டார் சைக்கிளோடு கப்பலேறிப் போவதாக அவன் திட்டம்.

மார்ச்சில் ஒருநாள் கொட்டகையில் இதை என்னிடம் சொன்னான். அப்போது அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எனக்கு அவன் கால்கள்தான் தெரிந்தன.

"எவ்வளவு நாளைக்குடா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு நாளைக்குன்னா என்ன? போறேன்டா. வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்."

"குளிர்ல செத்துடுவ. அங்க குளிர்காலத்துல சூரியனே வராதாம்."

"இங்க மட்டும் என்ன, தினமும் வந்து கதவைத் தட்டுதா? நீயும் வாடா. அங்கயும் பம்ப் இருக்கும்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, "டேய், மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க? எவனோ செத்த மாதிரி," என்றான். நான் செப்பு வாஷரை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் போல்ட்டை முறுக்கினான். நன்றாகவே முறுக்கினான், அதில் அவன் பிழை எதுவும் இல்லை. புது ஆயிலையும் ஊற்றி மேல்மூடியைப் போட்டான். அப்போது தொலைபேசி அடித்தது. மாரித். அவன் முற்றத்துக்குப் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை நார்வே மொழியில் பேசினான். அவள் ஏதோ திருத்தினாள் போலிருக்கிறது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கொட்டகைக்கு வெளியே வெயில். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கோடு போட வேண்டியது என் முறை. நான் வண்டிக்கு அடியில் போனேன். ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினேன். கொஞ்சம்தான். புது வாஷர் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. ஒரு துணியால் துடைத்தேன், காத்திருந்தேன், சொட்டவில்லை. பிறகு வெள்ளைக் கோட்டை இழுத்தேன். அழகான கோடு.

அவன் உள்ளே வந்து, "போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சு," என்றேன்.

பழைய ஆயிலை, விதிப்படி, அடுத்த நாளே வாங்கின கடையில் திருப்பிக் கொடுத்தேன். கால்வாயில் கொண்டுபோய்க் கொட்டுகிற ஆட்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். வண்டி ஓடும்போது அதிர்வில் போல்ட் மெல்லக் கழன்று, ஆயில் வெளியேறும். ஆயில் இல்லாத கியர் பெட்டி முனகும், பிறகு நிற்கும். அந்த வகைக்கு மாற்றுப் பெட்டி எளிதில் கிடைக்காது, வண்டியை விட்டுவிட்டு டாமோ கிளம்ப மாட்டான். கப்பல் போய்விடும். பட்டறைக்காரன் வேறு ஆளை எடுத்துக்கொள்வான். மாரித் ஊருக்குப் போவாள், சில மாதம் தொலைபேசியில் பேசுவாள், பிறகு பேச மாட்டாள். கப்பலில் வந்த எந்த உறவும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. யாருக்கும் ஒரு கீறலும் விழாது. நான் நினைத்தது இதைத்தான்.

ஏப்ரல் முதல் தேதி காலையில் அவன் என் கொட்டகைக்கு வந்தான். வழக்கம்போலக் குனிந்து கோட்டைப் பார்த்தான். நேராக இருந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

"கடல் அணையோரமா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். நான் வர்றதுக்குள்ள சூப்பைக் காலி பண்ணிடாதீங்கடா."

"இன்னைக்கு வேணாம்டா. காத்து பலமா இருக்கு," என்றேன். இதையும் பதிவுசெய்யுங்கள். நான் தடுத்தேன்.

"இந்த ஊர்ல என்னைக்குக் காத்து இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே சைரன் நேரத்துக்கு முன்பே அலறியபோது எனக்குப் புரிந்தது. நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று இரண்டு வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். காரணம் மிகச் சாதாரணமானது. சோதனைச் சைரனுக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. நான் மட்டும் எழுந்தால், "உனக்கெப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்பார்கள். எனவே மற்றவர்களுக்குத் தெரியும்வரை காத்திருந்தேன். யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அணைக்குக் கீழே சாலை வளையும் இடம் உங்களுக்குத் தெரியும். ஆடுகள் மேயுமே, அங்கே. வண்டி வேலிக்கம்பத்தில் மோதிக் கிடந்தது. சாலையில் நீளமாக ஆயில் கோடு. டாமோ வடிகால்வாயில் இருந்தான். இடுப்புவரை தண்ணீர். ஒரு பால் லாரிக்காரர் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடி எங்களைத் திட்டினார்.

"எவ்வளவு நேரமாய்யா? சைரன் இங்க வரைக்கும் கேட்டுச்சே. சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?"

கார்ஸ்டென் பெரிய உடம்புக்காரர், அவரே அழுதுவிட்டார். நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது. தண்ணீரில் இறங்கி டாமோவின் தலையை வாங்கிக்கொண்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ஹார்ம், காலு எங்கடா போச்சு?"

"இருக்கு. ரெண்டும் இருக்கு," என்றேன். இருந்தன. ஆனால் அவன் கேட்டது அதுவல்ல.

விபத்தை ஆராய வந்த நிபுணர் போல்ட் இல்லாததைக் கண்டுபிடித்தார். கியர் பெட்டியில் பாதிக் கோடு மட்டும் இருந்தது. மருத்துவமனைக்கு வந்து, யார் முறுக்கினார்கள், யார் கோடு போட்டார்கள் என்று கேட்டார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

டாமோ என்னைப் பார்க்காமலே பதில் சொன்னான். "ரெண்டும் நான்தான் சார். அவசரத்துல முறுக்காம விட்டிருப்பேன். இவன் அன்னைக்கு அங்க இல்ல."

நிபுணர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான்டா சரியா முறுக்கல. நீ ஸ்பேனர் வச்சுப் பார்க்க மறந்திருப்ப. எப்பவும் பார்ப்ப, ஒருநாள் மறந்துட்ட. அதுக்காக உன்னை எதுக்கு இழுக்கணும்? விடு."

நான் அவனை மன்னித்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் அழுதான், யாராவது மன்னித்தால்தான் அவன் தூங்குவான் போலிருந்தது. "விடுடா, யாருக்கும் வரும்," என்றேன். தூங்கினான்.

அவனுடைய வீட்டில் மாடிப்படி அதிகம். எனவே என் வீட்டின் கீழ்த்தளத்தை மாற்றிக் கட்டினேன். கதவுகளை அகலப்படுத்தினேன், குளியலறையில் கைப்பிடிகள் வைத்தேன், வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவு போட்டேன். எல்லாம் என் கையால். காலையில் நான்தான் அவனைக் குளிப்பாட்டுவேன், சவரம் செய்வேன், கால்களை நீட்டி மடக்குவேன். மாலையில் கொட்டகையில் உட்காருவோம். ஊர்ப் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எங்களைக் குறிப்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவன் என் வீட்டுக்கு வந்த புதிதில் மாரித் வந்தாள். நாள்தோறும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சமையலறையில் என்னிடம், "ஹார்ம், அவருக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கலையா? திரும்பிப் படுத்துக்கிறாரே. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

அவனுக்கு அப்போது வலி. வலியில் யாராக இருந்தாலும் திரும்பிப் படுப்பார்கள். ஆனால் அவள் சின்னப் பெண், எதிர்காலம் இருக்கிறது. "உங்களைப் பார்த்தா அவனுக்கு வேதனை அதிகமாகுது," என்றேன். அவள் போன பிறகு அவனிடம், "பாவம், களைச்சுப் போயிட்டா," என்றேன். இரண்டுமே ஒருவகையில் உண்மைதான். பிறகு அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படித்தான் அவளிடம் சொன்னேன். ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

உங்கள் முகம் மாறுகிறது, மேடம். நான் எதையும் மறைக்க வரவில்லை. சற்றுமுன் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வண்டி நின்றால் போதும் என்றால், ஒரு வயரைப் பிடுங்கியிருக்கலாமே, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாமே என்றீர்கள். செய்திருக்கலாம். ஆனால் டாமோ கெட்டிக்காரன். ஒரு மதியத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவான். அவனால் சரிசெய்ய முடியாத ஒன்று வேண்டியிருந்தது.

வடிக்கும் போல்ட் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்றும் கேட்டீர்கள். தெரியும். அங்கிருந்து ஒழுகும் ஆயில் வேறெங்கும் போகாது, டயர்மேல்தான் படும். படையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு விபத்துப் பாடம் எடுப்பது நான்தான். ஆயில் பட்ட டயர் வளைவில் என்ன செய்யும் என்று நான்தான் படம் வரைந்து காட்டுவேன். வண்டிக்கு அடியில் ஸ்பேனரைத் திருப்பியபோது அந்தப் படம் எனக்கு நினைவுக்கு வந்தது. திருப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

இத்தனை நாள் விட்டு இப்போது ஏன் வந்தாய் என்கிறீர்கள். சொல்கிறேன்.

போன வாரம் நான் தீயணைப்புப் பயிற்சிக்குப் போயிருந்தபோது மாரித் வந்திருக்கிறாள். யாரும் கூப்பிடாமல், தானாக. அவளுக்கு மறக்க முடியவில்லையாம். நான் வீடு திரும்பியபோது வாசலில் நார்வே நம்பர் போட்ட ஒரு வேன் நின்றது, பின்கதவில் சக்கர நாற்காலி ஏற்றும் சரிவோடு. உள்ளே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நார்வே மொழியில். அவன் ரகசியமாகப் படித்திருக்கிறான், என் வீட்டில், என் கண்முன்னால், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு. பாட்டு கேட்கிறான் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஹார்ம், பட்டறையில வரைபட வேலை தர்றாங்கடா. உக்காந்தே செய்யலாம்," என்றான் டாமோ. "திங்கக்கிழமை கீல் துறைமுகத்துலேர்ந்து கப்பல். போயிடலாம்னு இருக்கோம்."

"உன்னைக் குளிப்பாட்ட அங்க யாரு இருக்கா?"

"நானே குளிச்சுக்குவேன்டா. ரெண்டு வருஷமா குளிச்சிருக்கலாம். உனக்குச் செய்யணும்னு ஆசை, அதான் விட்டேன்." அவன் என் கையைத் தட்டினான். "எனக்காக நீ ரொம்பப் பண்ணிட்ட. போதும்டா. இனிமே உன் வாழ்க்கையைப் பாரு."

மாரித் என்னைப் பார்த்தாள். தொலைபேசி விஷயத்தை அவர்கள் ஒப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். ஆனாலும் அவள் காபி போட்டுத் தந்தாள், என் சமையலறையில்.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. உண்மை தெரியாமல் அவன் அத்தனை தூரம் போகக் கூடாது. தன்னால்தான் இந்த நிலை என்ற பாரத்தோடு அவனை அனுப்ப என் மனசாட்சி இடம் தரவில்லை. நான் அவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் உண்மை ஒன்றுதான். அதனால் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று நேரே பம்ப் நிலையத்திலிருந்து வருகிறேன். மன்னிக்க வேண்டும், பூட்ஸில் சேறு.

ஆம், வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அவன்தான் முக்கிய சாட்சி என்று இங்கே தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள். நல்லது. இங்கேதானே கையெழுத்து?

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேஸ் முடியற வரைக்கும் டாமோ ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு நீங்க சொல்லிடுவீங்கல்ல?"